ஹாங்காங் நோட்டில் ஏன் மூன்று வங்கிகளின் பெயர்?

வாசகர் கேள்வி:

எங்கள் ஊர் கீழக்கரை. என் வாப்பா ரொம்ப காலம் ஹாங்காங்கில் ரத்தினக் கல் வியாபாரம் பார்த்தார். போன வருடம் மவுத்தாகிவிட்டார். அவருடைய தகரப் பெட்டியைச் சமீபத்தில்தான் திறந்தோம். உள்ளே 1,910 ஹாங்காங் டாலர் இருந்தது. ஐந்நூறு டாலர் நோட்டு மூன்று, பத்து டாலர் ஒன்று, நூறு டாலர் நோட்டு நான்கு. நூறு டாலர் எல்லாமே சிவப்பு நிறம்தான், ஆனால் படமும் பெயரும் வேறு வேறு. ஒன்றில் சிங்கம், ஒன்றில் கொம்பு வைத்த ஏதோ மிருகம், மற்ற இரண்டில் உயரமான கட்டடம். மூன்று வங்கிகளின் பெயர் இருக்கிறது. பணம் மாற்றித் தருவதாக வந்த ஒருவர், "இதெல்லாம் தனியார் வங்கி அடித்த காகிதம். இந்த ஊதா நிறப் பத்து டாலர் ஒன்றுதான் அரசாங்க நோட்டு. மற்றதற்கு நூறுக்கு முந்நூறு ரூபாய் தருகிறேன்" என்கிறார். தனியார் வங்கி நோட்டு வெளியிட முடியுமா? அந்த வங்கியை நாளைக்கு மூடிவிட்டால் நோட்டு என்ன ஆகும்?

இவை தவிர, கிளாஸ்கோவில் படித்துவிட்டு வந்த என் மகனிடம் 'பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து' என்று போட்ட 20 பவுண்டு காகித நோட்டு ஒன்று இருக்கிறது. வாப்பாவின் வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்த காலத்து 100 ரூபாய் நோட்டு ஒன்று, ராணி படம் போட்டது. உம்மாவின் சிறுவாட்டுப் பணத்தில் பழைய 500 ரூபாய் எட்டு. மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது நனைந்து ஒட்டிப்போன இந்திய நோட்டுக் கட்டு ஒன்று. 786 என்று முடிகிற பத்து ரூபாய் நோட்டு ஒன்று. அதற்கு மூன்று லட்சம் தருவதாக வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. எதை என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

பதில்:

சகோதரிக்கு,

உங்கள் வாப்பாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த வருத்தங்கள். வங்கியில் நான் இருந்த காலமெல்லாம் இப்படிப்பட்ட பெட்டிகளோடு நம் கரையோரத்துப் பெண்கள் கவுண்டருக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி, பாம்பன் என்று எந்த ஊரை எடுத்தாலும் கடல் தாண்டிச் சம்பாதித்த ஒருவராவது வீட்டில் இருப்பார். அவர் கொண்டுவந்த நோட்டின் மதிப்பு தெரியாததால் அடிமாட்டு விலைக்குக் கொடுத்த குடும்பங்கள் நிறைய.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: அந்த ஆளிடம் ஒரு நோட்டுகூடக் கொடுக்காதீர்கள். ஒரு ஹாங்காங் டாலர் இன்று பத்து ரூபாய்க்கு மேல். உங்கள் நூறு டாலர் நோட்டு ஒவ்வொன்றும் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். அவர் தருவதாகச் சொல்வது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதால்தான் நீங்கள் குழம்பிப் போயிருக்கிறீர்கள். ஊதா நிறப் பத்து டாலர் அரசாங்க நோட்டு என்பது சரி. மற்றவை வங்கிகள் வெளியிட்டவை என்பதும் சரி. அதனால் அவை மட்டம் என்றாரே, அதுதான் தவறு.

இந்தியாவில் நோட்டு என்றால் ரிசர்வ் வங்கி என்றே நமக்குப் பழகிவிட்டது. 1934-ம் வருட ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 22-வது பிரிவு, நோட்டு வெளியிடும் உரிமையை அந்த ஒரு வங்கிக்கு மட்டும் கொடுத்திருக்கிறது. ஒரு ரூபாய் நோட்டு மட்டும் இதில் சேராது. அதை மத்திய அரசே வெளியிடுகிறது. அதில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்து இருக்காது, நிதித்துறைச் செயலாளரின் கையெழுத்துதான் இருக்கும். பத்து ரூபாய் நோட்டில் 'இவ்வளவு ரூபாய் தர உறுதி அளிக்கிறேன்' என்று ஆளுநர் எழுதித் தரும் வாசகம் உண்டு, ஒரு ரூபாயில் அது கிடையாது. வீட்டில் பழைய ஒரு ரூபாய் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

ஹாங்காங்கில் ஏற்பாடு வேறு. பத்து டாலரை அரசு வெளியிடுகிறது. இருபதிலிருந்து ஆயிரம் வரைக்கும் வெளியிடும் உரிமையை அரசு மூன்று வங்கிகளுக்குக் கொடுத்திருக்கிறது: ஹெச்.எஸ்.பி.சி., ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு, பேங்க் ஆஃப் சைனா. முதல் இரண்டும் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே வெளியிடுகின்றன. பேங்க் ஆஃப் சைனா 1994-ல் சேர்ந்தது. உங்கள் சிங்கம் ஹெச்.எஸ்.பி.சி.யுடையது. கொம்பு வைத்த மிருகம் சீனக் கதைகளில் வரும் கிலின். அது ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு. உயரமான கட்டடம் பேங்க் ஆஃப் சைனாவின் கோபுரம். நூறு என்றால் சிவப்பு, ஐந்நூறு என்றால் பழுப்பு என்று நிறத்தை மட்டும் மூவருக்கும் பொதுவாக வைத்திருக்கிறார்கள். மூன்று வங்கிகளின் நோட்டும் தாய் போ என்ற இடத்தில் உள்ள ஒரே அச்சகத்தில்தான் அச்சாகின்றன. அங்கே கடையில் எந்த வங்கியின் நோட்டை நீட்டினாலும் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொள்வார்கள்.

சரி, இவர்கள் இஷ்டத்துக்கு அச்சடித்துத் தள்ளிவிட முடியாதா? முடியாது. 1983 அக்டோபர் 17 முதல் அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. 780 ஹாங்காங் டாலருக்கு ஒரு வங்கி நோட்டு வெளியிட வேண்டுமானால், முதலில் 100 அமெரிக்க டாலரை அரசின் செலாவணி நிதியில் கட்ட வேண்டும். கட்டியதற்கு ஒரு கடன் சான்றிதழ் தருவார்கள். அந்தச் சான்றிதழை வைத்துத்தான் நோட்டு வெளியிடலாம். நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் அதே விலைக்கு டாலரை எடுத்துக்கொள்ளலாம். நகையை அடகு வைத்து ரசீது வாங்குவது போலத்தான். நோட்டில் பெயர் வங்கியுடையது, பின்னால் நிற்கும் ஈடு அரசின் கையில் இருக்கிறது. உங்கள் நான்கு நூறு டாலர் நோட்டுக்கும் மூன்று ஐந்நூறு டாலர் நோட்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 244 அமெரிக்க டாலர் அப்படி ஈடாக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"வங்கியை மூடிவிட்டால்?" என்று கேட்டீர்களே, அது சாதாரணக் கேள்வி இல்லை. நம் கடலுக்கு அந்தப் பக்கமே அது ஒருமுறை நடந்திருக்கிறது. அப்போது இலங்கையில் நோட்டு வெளியிட்டது தனியார் வங்கிகள். அவற்றில் பெரியது ஓரியண்டல் வங்கி. மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்து வளர்ந்த வங்கி அது. அந்தத் தோட்டங்களுக்குத்தான் நம் ராமநாதபுரம் சீமை சனங்கள் படகேறிப் போய், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்தார்கள். 1869-ல் காப்பிச் செடியில் இலை நோய் தென்பட்டது. கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டங்கள் அழிந்தன, வாங்கிய கடன் திரும்பவில்லை, 1884 மே மாதம் வங்கி கதவைச் சாத்தியது. கையில் அந்த வங்கியின் நோட்டை வைத்திருந்தவர் நிலையை நினைத்துப் பாருங்கள். நேற்று அரிசி வாங்கிய காகிதம், இன்று கடைக்காரர் தொடமாட்டேன் என்கிறார்.

அப்போது இலங்கையின் பிரிட்டிஷ் ஆளுநராக இருந்த ஆர்தர் கார்டன், அந்த வங்கியின் நோட்டுகளுக்கு அரசு பொறுப்பேற்கும் என்று அறிவித்தார். பீதி அடங்கியது. அதே வருடம் சட்டம் கொண்டுவந்து, நோட்டு வெளியிடும் வேலையை அரசே எடுத்துக்கொண்டது. பிறகு 1950 ஆகஸ்ட் 28-ல் இலங்கை மத்திய வங்கி தொடங்கி, அந்தப் பொறுப்பு அதனிடம் போனது. அன்றைய ஓரியண்டல் வங்கி நோட்டுக்கும் இன்றைய ஹாங்காங் நோட்டுக்கும் வித்தியாசம் இந்த ஈடுதான். அங்கே விழுந்த பிறகு அரசு ஓடிவந்து தாங்கியது. ஹாங்காங்கில் நோட்டு வெளியே வருவதற்கு முன்பே முழுத் தொகையும் அரசிடம் போய்விடுகிறது.

நம் பக்கமும் இந்தக் கதை உண்டு. 1843-ல் தொடங்கிய மெட்ராஸ் வங்கி தன் பெயரிலேயே நோட்டு வெளியிட்டது. 1861-ல் வந்த காகிதப் பணச் சட்டம் அந்த உரிமையை எடுத்து அரசிடம் கொடுத்தது. அந்த மெட்ராஸ் வங்கி 1921-ல் கல்கத்தா, பம்பாய் வங்கிகளோடு சேர்ந்து இம்பீரியல் வங்கியாகி, 1955-ல் ஸ்டேட் வங்கி ஆனது. ராமநாதபுரத்தில் நாம் வரிசையில் நிற்கும் அதே ஸ்டேட் வங்கிதான்.

இனி நோட்டுகளை மாற்றும் வழி. ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற பணமாற்று நிறுவனத்திலோ, வெளிநாட்டுப் பணம் வாங்கும் வங்கிக் கிளையிலோதான் மாற்ற வேண்டும். உரிமம் இல்லாதவரிடம் விற்பது சட்டப்படியும் தவறு; நாளைக்கு அவர் சிக்கினால் உங்கள் பெயரும் வரும். கடையில் உரிமத்தின் நகல் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். அடையாள அட்டை கேட்பார்கள், கொடுங்கள். என்ன விலைக்கு எடுத்தார்கள் என்று எழுதிய சான்றிதழ் ஒன்று தருவார்கள், அதை வாங்காமல் வராதீர்கள். 1,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை ரொக்கமாகவே வாங்கலாம், உங்களுடையது அதற்குள் அடங்கிவிடும். இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டுவிட்டுப் போங்கள். கீழக்கரையில் சரியாக அமையாவிட்டால் மதுரை போகும்போது பார்த்துக்கொள்ளலாம், அவசரம் ஒன்றும் இல்லை. 2018-ல் ஹாங்காங்கில் புது வரிசை நோட்டு வந்தபோது, பழையவையும் தொடர்ந்து செல்லும் என்றுதான் அறிவித்தார்கள். ஹாங்காங்கில் உறவினர் யாராவது இருந்தால், அவர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது பார்த்துச் சொல்லச் சொல்வதும் நல்லது. நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று கடிதத்தைப் படித்து என்னால் சொல்ல முடியாது. மாற்றிய பணம் வாப்பாவின் சொத்து என்பதால், வாரிசுகள் எல்லோருக்கும் தெரியும்படி சான்றிதழோடு கணக்கு வையுங்கள்.

மகன் கொண்டுவந்த 20 பவுண்டும் இதே வகைதான். ஸ்காட்லாந்தில் மூன்று வங்கிகளுக்கு நோட்டு வெளியிடும் உரிமை உண்டு. ராணி படம் இல்லாததால் கள்ள நோட்டு என்று நினைக்க வேண்டாம். அதில் இருப்பவர் வால்டர் ஸ்காட் என்ற எழுத்தாளர். 1826-ல் அந்த வங்கிகளின் சிறு நோட்டுகளைத் தடை செய்ய லண்டன் முயன்றபோது எதிர்த்து எழுதியவர் என்பதால், அந்த இடம் அவருக்கு ரொம்பப் பொருத்தம். இந்த நோட்டுகளுக்கும் ஈடு உண்டு. பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் இதற்காகவே பத்து லட்சம் பவுண்டு, பத்துக் கோடி பவுண்டு மதிப்பில் தனி நோட்டுகளை வைத்திருக்கிறார்கள், அவை வெளியே புழங்காது. ஆனால் ஸ்காட்லாந்தின் 20 பவுண்டு காகித நோட்டு 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு புழக்கத்தில் இல்லை, இப்போது பிளாஸ்டிக் நோட்டுதான். வெளியிட்ட வங்கி இன்னும் மாற்றித் தருகிறது. நம்மூர்ப் பணமாற்றுக் கடையில் இதை வாங்க மாட்டார்கள் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். அந்த வங்கியில் கணக்குள்ள நண்பர் யாராவது கிளாஸ்கோவுக்குத் திரும்பும்போது மகன் கொடுத்தனுப்பட்டும்.

கொழும்பு 100 ரூபாய்க்குப் பணமாக மதிப்பு இல்லை. 1970-ல் அங்கே நிதியமைச்சராக இருந்த என். எம். பெரேரா 50, 100 ரூபாய் நோட்டுகளைச் செல்லாதவை ஆக்கினார். ராணி படம் போட்டவை அதற்கும் முந்தியவை. ஆனால் பழைய நோட்டு சேகரிப்பவர்கள் இதைத் தேடுவார்கள். மடிப்பு விழாமல், ஒட்டாமல், துடைக்காமல் ஒரு கவரில் தட்டையாக வையுங்கள். விற்பதானால் சென்னை, மதுரை போன்ற ஊர்களில் உள்ள நாணயவியல் சங்கத்தாரிடம் காட்டி விலை கேட்டுவிட்டு விற்கலாம். நானாக இருந்தால் விற்க மாட்டேன். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் சேர்ந்து நிற்கிற அந்த நோட்டு, உங்கள் குடும்பம் கொழும்பில் கடை வைத்திருந்ததற்குப் பேரப்பிள்ளைகளிடம் காட்டக்கூடிய சாட்சி.

உம்மாவின் எட்டு 500 ரூபாய் நோட்டுகளைப் பற்றி எழுத மனம் கனக்கிறது. அவற்றை இனி யாராலும் மாற்றித் தர முடியாது. நம் நோட்டில் ஆளுநரின் உறுதிமொழியோடு 'மத்திய அரசின் உத்தரவாதம்' என்ற வாசகமும் இருக்கிறது. சாதாரணமாக அந்த இரண்டும் அசையாது. ஆனால் எந்த வரிசை நோட்டையும் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம், ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 26-வது பிரிவில் அரசுக்கு உண்டு. 2016 நவம்பர் 8 இரவு அதைத்தான் பயன்படுத்தினார்கள். அதன் பிறகு 2017-ல் வந்த சட்டம், 2016 டிசம்பர் 31 முதலே ரிசர்வ் வங்கியின் பொறுப்பையும் அரசின் உத்தரவாதத்தையும் முடித்துவிட்டது. அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் சேர்த்து வைத்த பெண்களுக்கு, வங்கிக்கு ஓடக் கிடைத்தது வருடத்தின் கடைசி வாரங்கள்தான். வீட்டில் யாருக்கும் தெரியாமல் சேர்த்ததாலேயே வெளியே எடுக்க முடியாமல் போனவர்கள் உண்டு. அது அநியாயமான அவகாசம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. அந்தப் பழைய 500, 1,000 நோட்டுகள் பத்துக்கு மேல் வைத்திருப்பது அதே சட்டப்படி குற்றம். நாணயவியல் அல்லது ஆய்வுக்காக என்றால் 25 வரை வைத்திருக்கலாம். அபராதம் குறைந்தது 10,000 ரூபாய். உங்களிடம் எட்டுதான், பயம் இல்லை. வேறு யாராவது "எங்களுடையதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்தால் வாங்காதீர்கள். கமிஷனுக்கு மாற்றித் தருகிறேன் என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், நனைந்த கட்டு. இதில்தான் கையோடு காப்பாற்றக்கூடிய பணம் இருக்கிறது, அதனால் கவனமாகக் கேளுங்கள். தண்ணீரில் நனைந்து காய்ந்த நோட்டு மொறமொறவென்று இருக்கும், வளைத்தால் ஒடியும். அதைப் பிரிக்கிறேன் என்று நகத்தால் கிளறாதீர்கள். இஸ்திரி போடாதீர்கள், வெயிலில் பரப்பாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். தானாகப் பிரிந்து வருகிற நோட்டுகளை மட்டும் எடுத்து, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே நிழலில் வையுங்கள். இரண்டு துண்டாகிப் போனதென்றால் இரண்டையும் ஒரே கவரில் போடுங்கள். வேறு வேறு நோட்டின் துண்டுகளைச் சேர்த்து ஒன்றாக்கினால் நிராகரிப்பார்கள்.

அழுக்கான, கிழிந்த நோட்டுகளை எந்த வங்கிக் கிளையிலும் மாற்றலாம், அங்கே உங்களுக்குக் கணக்கு இருக்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு 20 நோட்டு, 5,000 ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது. பகுதி காணாமல் போன நோட்டு என்றால் மிச்சம் இருக்கும் பெரிய துண்டின் பரப்பை அளப்பார்கள். 20 ரூபாய் வரையிலான நோட்டில் பாதிக்கு மேல் இருந்தால் முழுப் பணம், இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. 50 ரூபாயும் அதற்கு மேலும் என்றால், 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுப் பணம். 40 முதல் 80 சதவீதம் வரை பாதிப் பணம். அதற்கும் கீழே போனால் கிடைக்காது. பெரிய கட்டாக இருந்தால் சின்னக் கிளைகளில் கரன்சி செஸ்ட் (ரிசர்வ் வங்கிக்காக நோட்டு இருப்பு வைக்கும் பெட்டகம்) உள்ள கிளைக்கு அனுப்புவார்கள். கவுண்டரில் "இதெல்லாம் வாங்குவதில்லை" என்று சொன்னால் கிளை மேலாளரைப் பாருங்கள். அவரும் மறுத்தால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணுக்குப் பேசி, புகார் எப்படிக் கொடுப்பது என்று கேளுங்கள்.

பிரிக்கவே முடியாமல் ஒரே பாளமாக ஒட்டிய பகுதியைக் கிளையில் வாங்க மாட்டார்கள். அதை அப்படியே ஒரு தகர டப்பாவில் தட்டையாக வைத்து, சென்னை ராஜாஜி சாலையில் உள்ள ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கு எடுத்துப் போக வேண்டும். அங்கே இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், சோதித்துப் பார்த்துக் கொடுக்க வேண்டியதைக் கணக்கில் வரவு வைப்பார்கள். ஆதார், பாஸ்புக் நகல் இரண்டும் கையில் இருக்கட்டும். போவதற்கு முன்னால் அந்தப் பாளத்தை நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக 786. அந்த எண் உங்களுக்குப் பிரியமானது என்றால் பத்திரமாக வையுங்கள். கடையில் கொடுத்தால் அது பத்து ரூபாய். மூன்று லட்சம் தருகிறேன் என்பவர் அடுத்த செய்தியில் பதிவுக் கட்டணம், வரி, ரிசர்வ் வங்கி கமிஷன் என்று உங்களிடம் பணம் கேட்பார். பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்பதில் தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. அந்த எண்ணுக்குப் பதில் போடாதீர்கள், ஆதாரும் ஓ.டி.பி.யும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளிப்போட வேண்டாம், இன்றைக்கே 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, போன பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.